‘ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பாயிரும்’: விட்டமின் ட்ரிப்ஸ் - சந்தேகங்களும் விளக்கங்களும்

காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. ஷிப்மென்ட் நெருங்கும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் நேராக கிளினிக்குக்குப் போய், "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க, திங்கட்கிழமை மெஷினில் உட்காரணும்" என்று கேட்டு வாங்கிக்கொள்வது பனியன் ஊரான திருப்பூருக்குப் பழகிப்போன காட்சி. அதே பாட்டில் இப்போது புதுப் பெயர்களோடு சுற்றுகிறது. ‘இம்யூனிட்டி ட்ரிப்’, ‘எனர்ஜி ட்ரிப்’, ‘க்ளோ ட்ரிப்’ என்று பெருநகர அழகு மையங்களில் தொடங்கிய விளம்பரம் திருப்பூர்க்காரர்களின் செல்போனுக்கும் வந்துவிட்டது. நூறுகளில் வாங்குகிறவரும் உண்டு, ஆயிரங்களில் வாங்குகிறவரும் உண்டு. ஊசி இறங்குவது மட்டும் இருவருக்கும் ரத்தக்குழாயில்தான். அதனால் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான்.

மஞ்சள் கலர் பாட்டிலில் அப்படி என்னதான் இருக்கிறது?

அடிப்படை திரவம் குளுக்கோஸ் அல்லது உப்புநீர். அதில் பி வகை விட்டமின்கள் கலந்த ஊசிமருந்தைச் சேர்ப்பார்கள். மஞ்சள் நிறம் ரிபோஃப்ளேவின் எனப்படும் பி-2 விட்டமினின் இயல்பான நிறம். மறுநாள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதும் அதனால்தான். உடம்புக்கு வேண்டாத மிச்சம் வெளியேறுகிறது. கொடுத்த காசில் ஒரு பகுதியும் அதோடு போகிறது. இந்த விட்டமின் வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் பாட்டிலை மூடி வைத்து ஏற்றுவதே முறை. ஜன்னலோரம் வெயிலில் மஞ்சள் பாட்டில் தொங்குகிறது என்றால், மற்ற விஷயங்களையும் அங்கே கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது.

வெறும் குளுக்கோஸின் கணக்கையும் சொல்லிவிடலாம். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூடத் தேறாது. இரண்டு இட்லி சாப்பிட்டால் அதைவிடக் குறையாது, சட்னி தனிக்கணக்கு.

ஏற்றியதும் தெம்பு வருகிறதே, அது பொய்யா?

தெம்பு பொய்யில்லை. காரணம்தான் வேறு. அயர்ன் டேபிளிலும் காம்பேக்டிங்கிலும் வெக்கையில் நின்று, கழிவறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறவர் உடம்பில் நீரும் உப்பும் ஏற்கெனவே வற்றித்தான் கிடக்கின்றன. அரை லிட்டர் உப்புநீர் உள்ளே போனால் கிறுகிறுப்பு குறையும். அதோடு, காலையிலிருந்து உட்காராதவர் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். அந்த ஓய்வைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஜான் மையர்ஸ் என்ற பால்டிமோர் மருத்துவர் மக்னீசியம், கால்சியம், பி விட்டமின்கள், விட்டமின் சி ஆகியவற்றைச் சேர்த்து நோயாளிகளுக்கு ஏற்றிவந்தார். இன்றைய விட்டமின் ட்ரிப்ஸ்களுக்கெல்லாம் தாத்தா அந்த ‘மையர்ஸ் காக்டெயில்’தான். உடல்வலி நோயான ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 34 பேரை வைத்து யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு விட்டமின் கலவை, இன்னொரு பிரிவுக்கு விட்டமின் இல்லாத ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம். வாரம் ஒருமுறை, எட்டு வாரம். இரண்டு பிரிவினருக்குமே வலி குறைந்தது. இரண்டுக்கும் இடையே புள்ளிவிவரப்படி சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வு என்பதால் அதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் ‘ஏத்தினேன், சரியாயிருச்சு’ என்ற அனுபவத்தை மட்டும் வைத்து விட்டமினுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது என்பதற்கு அது போதும்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் அசிங்கமானது. முறையான படிப்பில்லாமல் வைத்தியம் பார்ப்பவர்கள் பாட்டிலில் சத்தமில்லாமல் ஸ்டீராய்டும் வலிமருந்தும் கலந்துவிடுவது உண்டு. டெக்ஸாமெத்தசோன் ஏறினால் உடம்பு வலி பறக்கும், பசிக்கும், உற்சாகம் வரும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறும். வந்திருப்பது டெங்கு என்றால் டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். ‘அவர் கைராசி, ஒரே பாட்டிலில் எழுப்பி விட்டுருவார்’ என்று யாரையாவது புகழ்ந்து கேட்டால், பாட்டிலில் என்ன கலந்தார் என்று கேளுங்கள்.

விட்டமின்தானே, கூடினால் சிறுநீரில் போய்விடும். என்ன ஆபத்து?

மாத்திரையை விழுங்கினால் குடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ரத்தக்குழாயில் ஏற்றும்போது அந்தக் காவல் இல்லை. அளவோ கலவையோ ஏற்றும் வேகமோ தவறினால் திருப்பி எடுக்க வழியில்லை.

விட்டமின் சி-யைப் பெரிய அளவில் ஏற்றினால், ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறந்தவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். இந்தக் குறை தனக்கு இருப்பது பலருக்கு ஆயுள் முழுக்கத் தெரியவே தெரியாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆக்ஸலேட் படிகங்கள் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்கு வேறொரு சிக்கல்: ரத்தத்தில் விட்டமின் சி மிகுந்திருக்கும்போது சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். பி-1 ஊசி சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மக்னீசியத்தை வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் சரியும். பொட்டாசியம் கணக்குத் தவறினால் இதயத்துடிப்பே நிற்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு விட்டமினே வேண்டாம். பாட்டில் தண்ணீரே நுரையீரலில் கோத்துக்கொள்ளப் போதும்.

2023 ஜூலையில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், அழகு மையம் ஒன்றில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்ட 47 வயதுப் பெண் இறந்தார். அதையடுத்து, இத்தகைய மையங்களில் மருத்துவர் யாரிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம் என்று வரையறுக்கும் சட்டத்தை 2025-இல் அந்த மாநிலம் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் 2021 பிப்ரவரியில், வீட்டிலேயே விட்டமின் ஏற்றிக்கொண்ட 50 வயதுப் பெண் பல உறுப்புகள் செயலிழந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. ரத்தத்தில் கிருமி பரவியதுதான் காரணமாக இருக்கும் என்ற சந்தேகத்தில் சிகிச்சை தரப்பட்டது. ஆபத்து விட்டமினில் மட்டும் இல்லை, கலக்கிற மேஜையிலும் கையிலும் இருக்கிறது என்பதற்கு இந்த நிகழ்வையே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் எச்சரிக்கையில் சுட்டிக்காட்டியது.

அதெல்லாம் அமெரிக்காவில். இங்கே?

இங்கே கதை இன்னும் பழையது. 2018 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மாவ் பகுதியில் பல பத்துப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. ஊர் ஊராகப் போய் மலிவாக ஊசி போட்டுவந்த, தகுதியற்ற ஒருவர் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்பதே குற்றச்சாட்டு. இந்தியாவில் போடப்படும் ஊசிகளில் 62.9 சதவீதம் ஏதோ ஒருவகையில் பாதுகாப்பற்றவை என்று 2012-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று சொன்னது.

2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் அடுத்தடுத்து இறந்தபோது, சந்தேகம் அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் மீது விழுந்தது. அதைத் தயாரித்த கம்பெனியின் திரவத்தை மாநில அரசு நிறுத்திவைத்தது. அது பெரிய மருத்துவமனை, பதிவேடு இருந்தது, எந்த பேட்ச் யாருக்குப் போனது என்று தேட முடிந்தது. ஒற்றை அறையில், பில்லும் சீட்டும் இல்லாமல் ஏற்றிய பாட்டிலில் கோளாறு என்றால் எங்கே போய்த் தேடுவது?

விட்டமின் ட்ரிப்ஸ் போட அரசு உரிமம் உண்டா?

அப்படித் தனியாக ஒரு உரிமம் கிடையாது. இது மருத்துவச் சிகிச்சை. அதைச் செய்யும் இடம் மருத்துவ நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிலை. ‘வெல்னஸ்’ என்று போர்டு மாட்டினாலும் ஊசி ஊசிதான்.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இலேயே வந்துவிட்டது. விதிகள் வந்தது 2018-இல். சட்டத்துக்கும் விதிக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல்! அதன்படி தனியார் கிளினிக்கும் மருத்துவமனையும் பதிவு பெற வேண்டும். மாவட்டத்தில் அதைப் பார்ப்பவர் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர், பேச்சுவழக்கில் ‘ஜே.டி. ஆபீஸ்’. மருந்தின் தரமும் விற்பனையும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இருக்கின்றன. தகுதியில்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34-இன் கீழ் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்திய ஊசி, டியூப் ஆகியவற்றின் கழிவுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள். கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சாயக்கழிவு விஷயத்தில் இந்த வாரியத்தை நன்றாக அறிந்த ஊர் இது, ஊசிக்கழிவும் அதே வாரியத்தின் வேலை என்பது அவ்வளவாகத் தெரியாது.

ஆக, சட்டம் இல்லாமல் இல்லை. நான்கு துறைகளில் துண்டு துண்டாக இருக்கிறது. பாட்டிலுக்குள் எதை, எவ்வளவு, எங்கே வைத்து, யார் கலந்தார் என்று ஒரே தாளில் எழுதிவைக்கச் சொல்லும் தெளிவான நடைமுறை வேண்டும். இப்போதைய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ட்ரிப்ஸை அடியோடு தடை செய் என்பதைவிட, எழுதாமல் ஏற்றாதே என்பது நடக்கக்கூடிய கோரிக்கை.

யார் ஏற்றலாம்? மெடிக்கல் ஷாப்காரர், கம்பவுண்டர் போடலாமா?

பதிவு பெற்ற மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தபடி பதிவு பெற்ற செவிலியர் ஏற்றலாம். மருந்துக்கடைக்காரர் மருந்து கொடுக்கலாம், ஊசி போடக் கூடாது. அழகு நிலையப் பயிற்சிச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் ரத்தக்குழாயைத் தொடும் உரிமை வராது. மருத்துவர் தன் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒடிசா, பிகாரிலிருந்து வந்து தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குப் பக்கத்து மெஷின்காரர் இதைப் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

படுத்துக்கொண்டிருக்கும்போது நாமே கவனிக்கக்கூடியது எது?

ஊசி ஏறுவதற்கு முன் உங்களிடம் கேள்வி கேட்டார்களா என்பதுதான் முதலில். பிரஷர், சர்க்கரை, கர்ப்பம், சிறுநீரகம், இதயம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா - இவற்றைக் கேட்காமல் கையை நீட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். ஒன்றும் மரியாதைக் குறைவில்லை. பாட்டில் சீல் உங்கள் எதிரில் உடைய வேண்டும். டியூப், ஊசி உறையும் அப்படியே. திரவத்தில் துகள் மிதந்தாலோ, மருந்து சேர்த்ததும் பால்போல் கலங்கினாலோ ஏற்றக் கூடாது. காய்ச்சலுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கும் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டும் ஒன்றாகக் கலந்தால் படிவு உண்டாகும். ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் ஊற்றும் பழக்கத்தின் ஆபத்துக்கு இது ஒரு எடுத்துக்காட்டு. பாட்டில் லேபிளையும் காலியான மருந்துக்குப்பிகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் தெரிய வேண்டும்.

முதல் கால் மணி நேரம் செவிலியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், குளிர் நடுக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின், தொடைத் தசையில். அதுவும் ஆக்ஸிஜனும் இல்லாத அறையில் ட்ரிப்ஸ் ஏற்றவே கூடாது. வீட்டுக்கு வந்து சோபாவில் வைத்து ஏற்றும் சேவை பற்றிய சந்தேகத்துக்கும் இதுவே பதில்.

குளூட்டாதியோன் ஏற்றினால் கலர் வருமா?

தோலை வெளுக்க வைக்கும் ஊசி எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பிலிப்பைன்ஸில் இந்த மோகம் நமக்கு முன்பே தலைக்கேறியது. அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2011-இலேயே எச்சரிக்கை விட்டது. அங்கே அந்த ஊசிக்கு இருந்த அனுமதி, சிஸ்பிளாட்டின் புற்றுநோய்ச் சிகிச்சையோடு துணையாகக் கொடுக்க மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைக் கூட்டிப்போய் ஏற்றிவிடும் பெற்றோர் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் ட்ரிப்ஸே வேண்டாமா?

வேண்டிய இடத்தில் உயிர் காக்கும். வாந்தி நிற்காமல் வாயால் எதுவும் தங்காதவர், பல நாள் குடியில் பி-1 வற்றிப் போனவர், குடலில் சத்து உறிஞ்சாத நோய் உள்ளவர், கடும் ரத்தசோகையுள்ள கர்ப்பிணி - இவர்களுக்கு ரத்தக்குழாய் வழி தேவைப்படலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களின் அசதிக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மஞ்சள் பாட்டிலில் இரும்புச்சத்து இல்லை. ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்பு மாத்திரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வெக்கையில் நீர் வற்றியதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீரில். பி-12 குறைவுகூடப் பலருக்கு மாத்திரையிலேயே சரியாகும். ஆனால் டெஸ்ட் எடுத்துப் பார்த்தபின் தர வேண்டியவை இவை. கேட்டு வாங்குகிற மருந்து இல்லை.

கம்பெனி முதலுதவி அறையிலேயே ஏற்றிவிட்டு வேலையைத் தொடரச் சொன்னால்?

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ, செவிலியர் பொறுப்பில் ஓர் அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். அது அவசரத்துக்கு. தளர்ந்தவரை மெஷினுக்குத் திருப்பி அனுப்பும் இடமாக அது மாறக் கூடாது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளிகளான சுமார் 100 பெண்களிடம் பேசி வெளியிட்ட செய்தி நினைவிருக்கலாம்: மாதவிடாய் வலிக்குப் பெயரே இல்லாத மாத்திரை கொடுத்து வேலையைத் தொடர வைத்தார்கள் என்று. பெயரில்லாத மாத்திரைக்கும் எழுதப்படாத பாட்டிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

லீவு போட்டால் சம்பளம் போகுமே?

உண்மையான கேள்வி இதுதான். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஒரு முள் இருக்கிறது: முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை (முந்தைய நோய் விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் விலக்கு). சாதாரணக் காய்ச்சலுக்கு எடுக்கும் லீவே அந்த இரண்டு நாள்தானே! ஒன்றரை ஷிஃப்ட் கூலி இரண்டு நாள் போவதைவிட ஒரு பாட்டில் மலிவு என்று தொழிலாளி கணக்குப் போடுவதில் வியப்பில்லை. பீஸ் ரேட்டில், கான்ட்ராக்டில் ஓடும் சின்ன யூனிட்டுகளில் அட்டையே இல்லாதவர்கள் ஏராளம். பத்துப் பேர் வேலை செய்தாலே ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்பது அங்கே பேசப்படுவதே இல்லை. இதைச் சரிசெய்யாமல் கிளினிக் வாசலில் மட்டும் ரெய்டு நடத்தினால், அடுத்த தெருவில் வேறொரு ஸ்டாண்டில் பாட்டில் தொங்கும்.

ஏற்றியபின் பிரச்சினை வந்தால், யாரிடம் போவது?

உடல் முதலில்: 108-ஐ அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஊசி போட்ட இடத்தில் சிவந்து வீங்கினாலோ, மறுநாள் குளிர்காய்ச்சல் வந்தாலோ, என்ன ஏற்றினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டிலின் படம் இருந்தால் சிகிச்சை பார்ப்பவருக்குப் பாதி வேலை குறையும். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். சாமானியர் செய்யக் கூடாது என்று விதியில்லை.

கிளினிக்கின் தகுதி மீது சந்தேகம் என்றால் ஜே.டி. அலுவலகம், மருந்தின் மீது சந்தேகம் என்றால் மருந்து ஆய்வாளர். வழிகாட்டுதலுக்கு 104. இழப்பீடு கேட்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் சிகிச்சைக் குறிப்பைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டியது மருத்துவரின் கடமை.

பில் தரவில்லை, அதனால் புகார் நிற்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஜிபே, போன்பே-யில் அனுப்பிய தொகையின் பதிவு, கிளினிக் போர்டின் படம், கூட வந்தவரின் வாக்குமூலம் ஆகியவற்றையும் மனுவோடு சேர்க்கலாம்.